கடல் கடக்குமுன் காப்புறுதி

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்து நீலகிரியில் குடியேறிய உறவினரைக் காண, விடுமுறையில் கடல் கடக்கும் குடும்பங்கள் அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றும் உண்டு. பயணச்சீட்டுக்கும் பட்டுப்புடைவைக்கும் கணக்குப் பார்க்கும் நாம், பயணக் காப்புறுதியை வீண்செலவென்றே கருதுகிறோம்.

அரசினர் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றுப் பழகிய நமக்கு, அயல்நாட்டுத் தனியார் மருத்துவமனைக் கட்டணத்தின் சுமை எளிதில் புலப்படாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் சுற்றுலா விசாக் கோருவோரிடம் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்புறுதி கேட்பது இச்சுமை கருதியேயாம்.

ஆகவே, பத்திரம் வாங்குமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். பாட்டியாரின் வயதுக்கு அது பொருந்துமா? முன்பே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றால் நேரும் அவசரச் சிகிச்சை அடங்குமா? செலவில் நாமே ஏற்கவேண்டிய பங்கு எவ்வளவு? நோயாளியைத் தாயகம் சேர்க்கும் செலவும் உண்டா?

நோயை மறைத்துக் கட்டணத்தைக் குறைப்பது இலாபமன்று. இழப்பீடு கோரும் வேளையில் அம்மறைப்பே மறுப்புக்குக் காரணமாகலாம். மலிவான பத்திரத்தினும், விலக்குகளை அறிந்து வாங்கிய பத்திரமே துணையாகும். அந்த விலக்குப் பகுதியைக் கல்லூரியிற் பயிலும் பிள்ளைகள் பெரியோருக்கு வாசித்துத் தமிழில் விளக்குவார்களாக. கற்ற கல்வி வீட்டுக்கு உதவும் இடம் இதுவுமாகும்.