குந்தா மலைச்சாலையில் மிதிவண்டி

மலைநாட்டில் மிதிவண்டி ஓட்டுவது வீண்பாடு என்று எண்ணுவோர் பலர். சமவெளியில் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போய்வர உதவும் ஊர்தி, ஏற்றத்தைக் கண்டதும் தள்ளிச் செல்ல வேண்டிய சுமையாகிவிடும் என்பது அவர்கள் கருத்து. நீலகிரியின் தென்மேற்கே உள்ள குந்தா வட்டத்துச் சாலைகளை ஒருமுறை அறிந்தவர் இக்கருத்தை மாற்றிக்கொள்வர். அங்கே ஏற்றம் என்பது வெறுந்துன்பம் அன்று; அது ஒரு சேமிப்பு. இறக்கம், அச்சேமிப்பைச் செலவிடும் வேளை. சேமிக்கும் முறையையும் செலவிடும் முறையையும் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்நகரின் ஊர்தி நெரிசல் நாடறிந்தது. உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் வெளியூர் ஊர்திகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறையே கொண்டுவர நேர்ந்தது. ஆனால் நகரைவிட்டு முத்தோரை பாலாடா, இத்தலார் வழியே எமரால்டு நோக்கித் திரும்பினால் காட்சி மாறுகிறது. சரிவெங்கும் படிப்படியாய்க் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் தோட்டங்கள், அப்பால் தேயிலை, இடையிடையே படகர்களின் ஊர்கள். ஊரை அவர்கள் ஹட்டி என்பர். தம் நாட்டை நான்கு சீமைகளாக வகுத்த படகர்க்குக் குந்தையும் ஒரு சீமை. வட்டத்தின் முதன்மையான ஊராகிய மஞ்சூரிலிருந்து கின்னக்கொரை நோக்கிச் செல்லும் சாலையும் இத்தகைய அமைதி வாய்ந்ததே. முதுகில் கூடையுடன் கொழுந்து பறிப்போரைக் கடந்து செல்லும்போது, அவர்கள் பேச்சொலி நம் காதில் விழும். காரில் செல்வோருக்கு அந்தப் பேறு இல்லை.

இனி ஏற்றத்தைப் பார்ப்போம். ஆயிரம் மீட்டர் உயரத்தை நேர்கோட்டில் ஏறிவிட முடியாது. நூறு மீட்டர் தொலைவுக்கு ஐந்து மீட்டர் ஏற்றம் என்று சாலை அமைத்தால், அந்த உயரத்தை எட்ட இருபது கிலோமீட்டர் வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே மலைமுகத்தில் அடக்கவே சாலையை மடித்து மடித்துக் கொண்டுசெல்கிறார்கள். அம்மடிப்பே கொண்டை ஊசி வளைவு. காரமடைப் பக்கத்திலிருந்து முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் சாலையில் இத்தகைய வளைவுகள் 43 உள்ளன.

சாலை செய்யும் இவ்வுதவியையே வண்டியில் பல்சக்கரம் செய்கிறது. நம் ஊர்களில் பழகிய கனமான சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் முன்னேறும். மலைக்கேற்ற கியர் வண்டியில் முன்னே சிறிய பல்சக்கரமும் பின்னே பெரிய பல்சக்கரமும் இணைந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரே முன்னேறும். தொலைவு குறைகிறது; அதற்கு ஈடாகக் காலின் பளுவும் குறைகிறது. எனவே ஏறுவோன் வலிமையை நம்புவதைவிட ஒரே சீரான மிதியை நம்புவதே அறிவுடைமை. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்பதே உரைகல். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுவிட்டால், வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

இவ்வாறு சேர்த்த உயரம் எங்கே போகிறது? குந்தா ஆற்றைக் கேளுங்கள். அது விடை சொல்லும். கனடா நாட்டின் கொழும்புத் திட்ட உதவியுடன் எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தில், 1960இல் முதல் மின்நிலையங்கள் இயங்கத் தொடங்கின. எமரால்டு, அவலாஞ்சி அணைகளில் தேங்கும் நீர் குந்தாவில் ஒருமுறை விழுந்து சுழலியைச் சுழற்றுகிறது. அதே நீர் கெத்தையிலும், பரளியிலும், பில்லூரிலும் மீண்டும் மீண்டும் விழுந்து மின்சாரம் தருகிறது. ஒரே நீரின் உயரத்தைப் பங்கு பங்காகச் செலவிடும் சிக்கனம் அது.

மஞ்சூரிலிருந்து கெத்தை நோக்கி இறங்கும் மிதிவண்டியும் அதே சரிவில்தான் விழுகிறது. ஆனால் அதற்குச் சுழலி இல்லை. பிரேக் மட்டுமே உண்டு. வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ எடை என்று கொள்வோம். ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். எஞ்சியது வெப்பமாகிப் பிரேக்கில் இறங்குகிறது. சக்கர வளையத்தைப் பற்றும் பிரேக்கானால், இடைவிடாமல் அழுத்திப் பிடிப்பதால் வளையம் சுட்டு டியூப் வெடித்துவிடவும் கூடும். ஏறும்போது தவறினால் களைப்பு. இறங்கும்போது தவறினால் உயிர்.

ஆகவே சில விதிகளை நினைவில் வைத்தல் நலம். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை இறுக்கலாகாது. இரு பிரேக்குகளையும் அழுத்தியும் தளர்த்தியும் ஆள வேண்டும். நனைந்த சாலையில் முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி வழுக்கும். சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று, சக்கரம் ஆறும்வரை மலையைப் பார்க்கலாம். பேருந்து வளைவில் அகன்று திரும்பும். மேலேறி வரும் ஊர்திக்கு இறங்குவோர் வழிவிடுவதே மலைச்சாலை நெறி.

காலத்தையும் கருதுதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை இப்பகுதியில் கடுமையானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மழை ஓய்ந்த சனவரி முதல் மார்ச்சு வரையிலான நாட்கள் பயணத்துக்கு உகந்தவை. சனவரி விடியலில் உறைபனி இருக்கலாம். கையுறை இன்றிப் பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப்போகும்.

இறுதியாக ஒன்று. மிதிவண்டியின் பெருஞ்சிறப்பு அதன் ஓசையின்மை. ஹட்டியின் உறக்கத்தை அது கெடுப்பதில்லை. ஆனால் கெத்தைக் காட்டில் அச்சிறப்பே ஆபத்தாகும். யானைகள் நடமாடும் வழி அது. ஓசையின்றி வளைவு திரும்பும் வண்டியை யானை முன்கூட்டி அறியாது. யானையை நாமும் அறியோம். எனவே அதிகாலையிலும் அந்தியிலும் அவ்வழி செல்லற்க. சோதனைச் சாவடியில் நிலைமையைக் கேட்டறிந்து, பகலில் பேருந்தை ஒட்டிச் செல்வது நன்று. யானை நின்றால் தொலைவிலேயே நின்று, அது போகும்வரை காத்திருப்பதே முறை. அவ்வழியின் பேருந்துகளும் அவ்வாறே காத்திருக்கின்றன.

பொறுமையாக ஏறி, பொறுமையாக இறங்கி, காட்டுக்கு உரியவர்க்கு வழிவிட்டுச் செல்பவனுக்குக் குந்தா மலை தன்னைத் திறந்து காட்டும். விரைந்து செல்பவன் காண்பது 43 வளைவுகள் மட்டுமே.