மகாசபையில் மைக் ஊளையிடுவது ஏன்? தடுப்பது எங்ஙனம்?

கூட்டுறவுச் சங்கத்தின் மேலான அதிகாரம் அதன் மகாசபையிடமே இருக்கிறது. தலைவரும், காரியதரிசியும், நிர்வாகக் குழுவினரும் அச்சபைக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பங்கு எத்தனை இருந்தாலும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வோட்டே என்பது, இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடிச் சங்கம் கண்ட நாள் தொட்டு நம் இயக்கம் போற்றிவரும் நெறியாகும். ஆனால், வோட்டளிக்கு முன்னர் அங்கத்தினர் விஷயத்தைக் காதாரக் கேட்டறிய வேண்டும்; தமது ஐயத்தை வாயாரக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளவும் வேண்டும். முந்நூறு பேர் கூடும் சபையில் இவ்விரண்டிற்கும் மைக்கையும் ஒலிபெருக்கியையும் நம்பியே இருக்கிறோம்.

நாம் பார்வையிட்ட மகாசபைகள் பலவற்றில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டதுண்டு. வரவு செலவு படித்து முடிகிறது. "ஐயமுள்ளோர் கேட்கலாம்" என்று தலைவர் அறிவிக்கிறார். தார் சுற்றும் பெண்மணி ஒருவர் எழுந்து மைக்கை வாங்குகிறார். கூலியில் பிடித்த சிக்கன நிதி தம் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவர் கேட்க எண்ணுகிறார். வாயைத் திறந்ததும் காதைத் துளைக்கும் ஊளை ஒன்று கிளம்புகிறது. சபை சிரிக்கிறது, அம்மையார் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமர்கிறார். கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டதென நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. கேட்கப்படாத கேள்விக்கு அதில் இடமில்லை. ஆகவே மைக்கின் ஊளையை வெறும் இரைச்சலென்று தள்ளிவிடுவதற்கில்லை. அங்கத்தினரின் உரிமையைத் தொடும் விஷயம் அது.

ஊளையின் காரணம்

பலர் எண்ணுவதுபோல் இது கருவி பழுதுபட்டதன் அடையாளமன்று; நல்ல கருவியும் ஊளையிடும். பேசுவோர் குரலை மைக் வாங்குகிறது. பெருக்கி அதை வளர்க்கிறது. ஒலிபெருக்கி அதைச் சபையில் பரப்புகிறது. அங்ஙனம் பரவிய ஒலியில் ஒரு பகுதி மீண்டும் அதே மைக்கை வந்தடைகிறது. மைக் அதையும் வாங்கிப் பெருக்கிக்கு அனுப்புகிறது. இவ்வாறு ஒலி ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. டென்மார்க் நாட்டுப் பௌதிக அறிஞர் சோரன் லார்சன் என்பாரின் பெயரால் இதனை லார்சன் விளைவு என்றும் வழங்குவர்.

நம் அங்கத்தினர்க்கு வட்டிக்கு வட்டியின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. இதுவும் அத்தகையதே. மைக்கிலிருந்து 100 பங்கு ஒலி புறப்பட்டு, ஒரு சுற்று முடிந்து 80 பங்கு திரும்பினால், அடுத்த சுற்றில் 64, அதற்கடுத்து 51 என்று தேய்ந்து மறையும். 100-க்கு 110 திரும்பினாலோ 121, 133 என்று ஏறிக்கொண்டே போகும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 1,100 அடி செல்கிறது. மைக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 11 அடி இருப்பின் ஒரு சுற்று முடிய விநாடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். சுற்றுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ஏறினால், கால் விநாடிக்குள் ஒலி பத்து மடங்காகிவிடும். திருகைத் திருப்பக் கை நீளுமுன் ஊளை கிளம்பிவிடுவது இதனாலேயாம். எனவே வந்தபின் அடக்குவதைவிட வாராமல் காப்பதே முறை.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் விளங்கும். ஊளையைத் தீர்மானிப்பது திரும்பி வரும் ஒலியின் விகிதமேயன்றிப் பெருக்கியின் வாட் அளவன்று. "நமது பெருக்கிக்குச் சக்தி போதவில்லை, பெரியதாக வாங்குவோம்" என்று தீர்மானம் கொண்டுவரும் நிர்வாகக் குழுக்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். மைக்கும் ஒலிபெருக்கியும் இருந்த இடத்திலேயே இருக்க, பெருக்கியை மட்டும் மாற்றினால், சங்கத்தின் பணம் குறையுமேயன்றி ஊளை குறையாது.

இடம் அறிந்து வைத்தல்

முதல் மருந்து செலவில்லாதது. ஒலிபெருக்கிகளை மேடைக்குப் பின்னாலோ, மேடையில் இருப்போரின் தலைக்கு மேலோ வைத்தல் கூடாது. மைக்குகள் இருக்கும் வரிசைக்கு முன்னால், இரு பக்கங்களிலும், சபையை நோக்கி நிறுத்த வேண்டும். ஒலிபெருக்கியின் வாய் அங்கத்தினரையும், முதுகு மைக்கையும் பார்த்திருக்க வேண்டும். அமர்ந்திருப்போரின் தலைக்கு மேலே உயர்த்திச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால், முன்வரிசையாரின் காது நோகாமல் பின்வரிசைக்கும் ஒலி எட்டும்.

மண்டபம் நீளமாயிருந்தால், முன்னே ஒன்றை அலறவிடுவதைக் காட்டிலும் பக்கச் சுவர்களில் சிறிய ஒலிபெருக்கிகள் சிலவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அளவாக ஒலிக்கச் செய்வது மேலாகும். வாய்க்காலின் தலைமடையை உடைத்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் பாய்ச்ச எந்த விவசாயியும் முனையமாட்டார் அன்றோ!

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம்

அடுத்தது பேசுவோர் கையில் உள்ளது. மைக்கை ஓரடி தூரத்தில் வைத்துப் பேசுவதைவிட அரையடியில் வைத்துப் பேசினால் குரல் அதில் இருமடங்கு வலுவாக விழும். கால் அடி, அதாவது நான்கு விரற்கடை தூரத்தில் பேசினால் நான்கு மடங்காகும். குரல் நான்கு மடங்கு வலுத்து விழுந்தால், பெருக்கியை நான்கில் ஒன்றாகக் குறைத்தாலும் சபைக்கு முன்போலவே கேட்கும். சுற்றி வரும் ஒலியோ நான்கில் ஒன்றாகிவிடும். சிக்கனம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அரிது.

ஆனால் நடப்பது இதற்கு நேர்மாறானது. கீச்சென்ற சப்தம் கேட்டதும் பேசுவோர் அஞ்சி மைக்கை விலக்குகிறார். குரல் மெலிகிறது. "கேட்கவில்லை" என்று பின்வரிசையார் கூவுகின்றனர். மைக் செட்காரர் திருகை ஏற்றுகிறார், ஊளை பெருகுகிறது. சிலர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்துவர், அதுவும் தீங்கே. மைக்கின் வாயைப் பேசுவோரை நோக்கி நான்கு விரற்கடையில் பிடித்து, இயல்பான குரலில் பேசுவதே முறை. மைக்கைத் தட்டியும் ஊதியும் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தாலே போதும்.

திசை அறியும் மைக்

எல்லா மைக்கும் ஒரே தன்மையன அல்ல. சில, நான்கு திசைகளிலிருந்தும் வரும் ஒலியை ஒருங்கே வாங்கும். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்குகள் பல இவ்வகையின. வேறு சில, முன்னிருந்து வருவதை நன்கு வாங்கிப் பின்னிருந்து வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். அமெரிக்காவில் ஷூர் கம்பெனி 1939-இல் வெளியிட்ட 55-ஆம் எண் மைக், ஒரே ஒலிவாங்கும் உறுப்பைக் கொண்டே இத்தன்மையைச் சாதித்தது. அது முதல் பொதுக்கூட்டங்களுக்கு இவ்வகை மைக் பரவிற்று. சபைக்கு ஏற்றது இதுவே.

இதன் செவிட்டுப் பக்கத்தை ஒலிபெருக்கி இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தல் வேண்டும். சிலவற்றில் அச்செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இராமல், பின்புறத்து இரு ஓரங்களிலும் அமைந்திருக்கும். கருவியுடன் வரும் குறிப்பில் இது காணப்படும். மேலும், இவ்வகை மைக் திசையறிவது அதன் தலைக்குப் பின்னுள்ள துவாரங்கள் வழி நுழையும் காற்றினாலேயாம். தலையைக் கையால் பொத்தினால் துவாரங்கள் அடைபட்டு, எத்திசை ஒலியையும் வாங்கும் மைக்காக அது மாறிவிடும். பொத்துவது தீங்கென்று மேலே சொன்னதன் காரணம் இதுவே.

திறந்திருக்கும் மைக்குகள்

மேடையில் தலைவர்க்கொன்று, துணைத் தலைவர்க்கொன்று, காரியதரிசிக்கொன்று, சிறப்பு விருந்தினர்க்கொன்று என நான்கு மைக் வைப்பது கௌரவமாகக் கருதப்படுகிறது. பேசுபவர் ஒருவரே, எனினும் நான்கும் திறந்திருக்கும். திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு முறையும், ஊளைக்கு அஞ்சிப் பெருக்கும் சக்தியைப் பாதியாகக் குறைக்க நேரும். நான்கு திறந்திருந்தால், ஒன்றை மட்டும் திறந்து வைத்துப் பெறக்கூடியதில் கால் பங்கே கிட்டும். ஆதலின் பேசுவோர் மைக் ஒன்றைத் தவிர ஏனையவற்றை அடைத்து வைத்தல் வேண்டும்.

மண்டபத்தின் குணம்

தகரக் கூரையும், சிமெண்டுத் தரையும், வெற்றுச் சுவரும் கொண்ட கிடங்குகளிலேயே நம் சபைகள் பல கூடுகின்றன. அங்கே ஒலி சுவருக்குச் சுவர் எதிரொலித்து, எவ்வழியேனும் மைக்கை வந்தடையும். மென்மையான துணி ஒலியை ஓரளவு விழுங்கும். நெசவாளர் சங்கத்திற்குத் துணிக்கா பஞ்சம்? கனமான ஜமக்காளங்களை மேடைக்குப் பின்சுவரிலும், அதற்கு எதிர்ச்சுவரிலும், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடலாம். மெல்லிய வேட்டியும் துண்டும் பயன்படா. ஜமக்காளமுங்கூடக் கீச்சென்ற ஒலியை அடக்குமளவுக்கு, ஊமென்ற தடித்த ஒலியை அடக்காது.

முன்கூட்டிச் சோதித்தல்

கூட்டத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சோதனை நடைபெற வேண்டும். அங்கத்தினரின் உடலும் உடையும் ஒலியை விழுங்குவதால், காலி மண்டபத்தில் ஊளையிடாதது நிறைந்த மண்டபத்தில் ஊளையிடுவது அரிது.

மைக்கைத் திறந்து, திருகைச் சிறிது சிறிதாக ஏற்றுக. ஓரிடத்தில் குரலோடு ஒரு ரீங்காரம் தொடரக் கேட்கும். அதுவே எல்லை. எல்லாச் சுருதியும் ஒருங்கே ஊளையிடுவதில்லை. மைக், ஒலிபெருக்கி, மண்டபம் ஆகிய மூன்றும் கூடி மிகுதியாக வளர்க்கும் ஒரு சுருதியே முதலில் எல்லையைத் தாண்டும். ஈக்குவலைசர் இருப்பின் அச்சுருதிக்குரிய பிரிவை மட்டும் சற்று இறக்கலாம். பாஸ், டிரெபிள் என்னும் இரு திருகுகளே உள்ள கருவியாயின், ஊமென்று ஒலித்தால் பாஸையும், கீச்சென்று ஒலித்தால் டிரெபிளையும் குறைக்க வேண்டும். டிரெபிளை மிகுதியாகக் குறைத்தல் தகாது. சொல்லுக்குத் தெளிவு தரும் மெய்யெழுத்துக்கள் பலவும் அவ்வுயர்ந்த ஒலியிலேயே தங்கியுள்ளன. அது போய்விட்டால் அறுபது எழுபதாகக் கேட்கக்கூடும். கணக்குப் படிக்கும் சபையில் அது சிறு குறையன்று. இறுதியாக, எல்லையிலிருந்து திருகைத் தெளிவாகக் கீழிறக்கி, அவ்விடத்தில் ஓர் அடையாளம் இட்டு வைக்க வேண்டும்.

ஊளையைத் தானே கண்டறிந்து அச்சுருதியை வெட்டும் கருவிகளும் கிடைக்கின்றன. ஒலியின் சுருதியைச் சிறிதளவு பெயர்த்து, வட்டம் வலுப்பெறாமல் தடுக்கும் முறையை மான்ஃபிரட் ஷ்ரோடர் என்னும் அறிஞர் 1960-களில் ஆராய்ந்து வெளியிட்டார். இவையெல்லாம் ஓரளவே துணை செய்யும். இடம் தவறி வைத்த ஒலிபெருக்கியின் குற்றத்தை இவை போக்கமாட்டா.

அங்கத்தினருக்குரிய மைக்

மேடை மைக்கைச் சோதிப்பவர்களும் அங்கத்தினர் மைக்கைச் சோதிப்பதில்லை. ஊளை மிகுதியும் அங்கேதான் எழுகிறது. காரணம் தெளிவு: ஒலிபெருக்கிகள் யாவும் சபையை நோக்கியே ஒலிக்கின்றன, அந்தச் சபைக்குள்ளேயே கம்பியில்லா மைக்கைக் கைமாற்றி அனுப்புகிறோம். ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே அமர்ந்திருக்கும் அங்கத்தினர் மைக்கை வாங்கியதும் அது ஊளையிடுகிறது. பழி அவர்மீது விழுகிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று: மேடையின் ஓரத்தில், ஒலிபெருக்கி வரிசைக்குப் பின்புறமாக, தாங்கியில் ஒரு மைக்கை நிலையாக நிறுத்தி, கேட்க விரும்புவோர் அங்கு வந்து பேசச் செய்யலாம். அத்தாங்கி உயரம் கூட்டவும் குறைக்கவும் இயல்வதாயிருக்க வேண்டும். இரண்டு: முதியோரும் நடக்க இயலாதோரும் இருந்த இடத்திலிருந்தே பேசவேண்டுமாயின், அவர்க்கு அருகிலுள்ள ஒலிபெருக்கியை அந்நேரத்திற்கு அடக்கிவிட்டு, மேடை மைக்குகளையும் மூடி, அதன் பின்னரே அம்மைக்கைத் திறக்க வேண்டும். மூன்று: எவ்வழியும் இயலாதபோது, காரியதரிசி அவரருகே சென்று கேள்வியைச் செவிமடுத்து, மேடை மைக்கில் அப்படியே திருப்பிச் சொல்லி, "இதுதானே தாங்கள் கேட்டது?" என்று உறுதி செய்துகொண்டு, நடவடிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

மைக் கொடுக்கும் ஊழியர் அதைப் பிடிக்கும் விதத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிக் கொடுத்தல் நலம். "வாய்க்கு நேரே, நான்கு விரற்கடையில் பிடியுங்கள், அம்மா" என்றால் போதும். தறியில் அமர்ந்து பழகிய கைக்கு மைக் பிடிப்பது அரிய வித்தையன்று. சொல்லித் தருவார் இல்லாமையே குறை.

காரியதரிசிகளுக்கு ஒரு வார்த்தை

மகாசபை அறிவிப்பு அனுப்பியதும், கணக்குப் பிரதிகள், வருகைப் பதிவேடு, குடிநீர் ஆகியவற்றிற்குப் பட்டியல் எழுதுகிறோம். அப்பட்டியலில் இவற்றையும் சேர்த்துக்கொள்க: ஒலிபெருக்கி மைக்கிற்கு முன்னால் உள்ளதா, பேசாதோர் மைக் அடைக்கப்பட்டுள்ளதா, பின்சுவரில் ஜமக்காளம் தொங்குகிறதா, ஒரு மணி நேரம் முன்பே சோதனை நடந்ததா, அங்கத்தினர் மைக் தனியே சோதிக்கப்பட்டதா. இக்கடைசிச் சோதனையை மைக் செட்காரரின் உரத்த குரலைக் கொண்டு செய்தல் போதாது. சங்கத்தில் மெல்லப் பேசும் அங்கத்தினர் ஒருவரை முன்னதாக வரச் சொல்லி, அவரைப் பேசவைத்து, கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். அவர் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்டால், சபையைக் கூட்டலாம்.