இறப்பர் நிழலில் ஒரு சின்னக் கமரா

கண்டி வீதியில் வரும் பேருந்து வரக்காப்பொலயில் நின்றால் பயணிகள் இறங்கித் தலகுலி வாங்குவார்கள். எள்ளை இடித்து இனிப்புச் சேர்த்து உருட்டும் அந்தப் பண்டத்துக்குப் பேர்போன ஊர் இது. வீதியை விட்டு உள்ளே போனால் இறப்பர் தோட்டங்கள் வந்துவிடும். அங்கே வெளிச்சமே வேறு. விடிந்து வெகுநேரம் ஆனாலும் மரத்தடி மங்கலாகத்தான் கிடக்கும். பால் வெட்டுகிறவர்களுக்கு அந்தக் குளிர்ந்த நேரம்தான் வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். படம் எடுக்க வருகிறவருக்கோ அதே நேரம்தான் சோதனை.

கையடக்க டிஜிட்டல் கமரா வாங்க நினைப்பவர் முதலில் இந்த மரத்தடியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கடையில் உரக்கச் சொல்லப்படுவது மெகாபிக்சல் எண்தான். ஆனால் ஆறுக்கு நான்கு அங்குல அச்சைத் தெளிவாகப் போட 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். ஏ4 தாள் அளவுக்குப் பெரிதாக்கினாலும் 9 மெகாபிக்சலைத் தாண்டத் தேவையில்லை. பதினைந்து வருடம் பழைய கமராவிலும் அவ்வளவு இருக்கும்.

பார்க்க வேண்டியது வில்லைக்குப் பின்னால் இருக்கும் ஒளியுணரி. மரத்தில் கட்டிய சிரட்டை சொட்டுச் சொட்டாகப் பாலை ஏந்துவதுபோல, ஒளியுணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை ஏந்துகிறது. இருக்கிற இடத்தில் சிரட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். மங்கலான நேரத்தில் அதில் விழுவது சில துளிகள்தான். அந்தக் குறைவான ஒளியைக் கமரா மின்னணு முறையில் பெருக்கும்போது படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வந்துவிடுகின்றன. மலிவான கையடக்கக் கமராக்களின் ஒளியுணரி ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 2012இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100 சட்டைப் பைக்குள் அடங்கும் உடலிலேயே 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் ஒளியுணரியை வைத்தது. பரப்பில் நான்கு மடங்கு. அதன் வில்லையின் வாயும் அகலம்: எஃப் 1.8. எஃப் எண் சிறுக்கச் சிறுக்க வாய் விரியும். எஃப் 3.5 வில்லையோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். இறப்பர் மரத்தடிக்கும் லயத்து அறைக்கும் இந்த இரண்டு எண்களே முக்கியம். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிஜிட்டல் ஜூமைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதைத்தான் அது செய்கிறது. வில்லை நகர்ந்து தரும் ஒளியியல் ஜூமே உண்மையான ஜூம்.

நல்ல கைபேசி இருக்கும்போது இது எதற்கு? மிகச் சிறிய ஒளியுணரி கொண்ட மலிவுக் கமரா என்றால் உண்மையில் தேவையில்லை. இன்றைய கைபேசியே அதை முந்திவிடும். உலகச் சந்தையும் அப்படித்தான் தீர்மானித்தது. 2010இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் கடைகளுக்குப் போயின. பிறகு கைபேசி வந்து கையடக்கக் கமராவின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் கோயில் திருவிழாவில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தேரிலிருக்கும் சாமியின் முகத்தை எட்டிப் பிடிக்க ஒளியியல் ஜூம் வேண்டும். இருட்டில் ஆடுகிறவரை உறைய வைக்க, கைபேசியின் சிறு விளக்கால் முடியாததைச் செய்யும் உண்மையான பிளாஷ் வேண்டும்.

அடுத்தது மழை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் வரக்காப்பொல இருக்கிறது. சாதாரண கையடக்கக் கமராவின் வில்லை வெளியே நீண்டு உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சில மாதம் அலமாரியில் கிடந்தால் வில்லையில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தாலே இதைத் தடுக்கலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், மாத்தூசி உள்ளே போகும்.

மழைக்குள்ளேயே வேலை செய்ய வேண்டியவர்களுக்கென்று வேறு ஒரு வகை உண்டு. ஒலிம்பஸின் டஃப் டிஜி-6, 2019இல் வந்தது. 15 மீட்டர் ஆழ நீரிலும் தாங்கும், அட்டையையும் தவளையையும் ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் படம்பிடிக்கும். ஒளியுணரி என்னவோ சிறியதுதான். பெட்டரி மூடியைச் சுற்றியிருக்கும் மெல்லிய வளையமே இந்தக் கமராவின் காவல். ஒரு தலைமுடி அங்கே சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும். மூடுமுன் துடைத்துப் பார்க்க வேண்டும்.

பழையதை வாங்குகிறவர் கடையிலேயே வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். ஒளியுணரியில் தூசி இருந்தால் கருமையாகத் தெரியும். வில்லையின்மேல் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்தடித்தால் பூஞ்சணம் தெரியும். வில்லை நீளும்போது கரகரப்புக் கேட்டால் வேண்டாம். எந்த மெமரி கார்ட் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2006க்கு முந்திய பல கமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது. பழைய ஒலிம்பஸ், புஜிபிலிம் கமராக்கள் சில கேட்கும் எக்ஸ்டி கார்டோ இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாங்கிய பின் முதலில் பழக வேண்டியது பொத்தானைப் பாதி அழுத்துவது. பாதி அழுத்தினால் கமரா கூர்மையை நிலைநிறுத்தும். அப்படியே விரலைப் பிடித்துக்கொண்டு, பால் வெட்டும் கத்தி மரப்பட்டையில் இறங்கும் கணத்தில் மீதியை அழுத்தினால் படம் உடனே பதியும். ஒரே அழுத்தாக அழுத்தினால் கமரா கூர்மை தேடி முடிப்பதற்குள் கத்தி இறங்கிவிடும்.

கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானைப் பலர் தொடுவதேயில்லை. கமரா எல்லாவற்றையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும் இயல்புடையது. வெளிறிய வானத்தின் முன் நிற்கும் கருத்த முகம் அதனால் கரிக்கட்டையாகும்; கூட்டலில் ஒரு படி வைத்தால் கண்ணும் சிரிப்பும் வெளியே வரும். இருண்ட மரத்தில் சிரட்டை நிறைந்த பாலை எடுக்கும்போது நேர்மாறு: கழித்தலில் ஒரு படி, இல்லையென்றால் பால் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இலைகளின் ஊடே வரும் ஒளி முகங்களில் பச்சை பூசும். வெள்ளைச் சமநிலையை ஒரு வெள்ளைத் தாளில் சரிசெய்தால் அது விலகும். வருட ஆரம்பத்தில் இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் சில வாரங்களில் தோட்டம் முழுதும் வெளிச்சம் இறங்கும். படம் எடுக்க அதைவிட நல்ல பருவம் இல்லை.

வீட்டு விசேஷங்களில் பிளாஷை நேரே அடித்தால் முகம் வெளிறும், கண் சிவக்கும். ஆர்எக்ஸ்100இன் பிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்க்கலாம். கூரைக்கடியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால், ஒளி அதில் பட்டு மென்மையாகக் கீழே விழும். குழுப்படத்தில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுவதும் அவசியம். பெரும்பாலான கையடக்கக் கமராக்களின் படம் நாலுக்கு மூன்று. ஸ்டூடியோ அச்சுத்தாளோ மூன்றுக்கு இரண்டு. அச்சில் உயரத்தின் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், அதில் பாட்டியின் கொண்டையும் போகலாம்.

இந்தச் சின்னப் பெட்டி வந்த வழி நீண்டது. கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். அவர் கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. மறுவருடம், 1876இல், கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு இலங்கையின் முதல் இறப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. கேமரன் வந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1975இல், அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ, படம் வெறும் 10,000 புள்ளி. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது.

கேமரன் களுத்துறையில் உழைக்கும் மக்களைப் படமெடுத்தார். 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. தலைப்பில் ஒருவர் பெயரும் இல்லை. இன்றைய கமரா படம் எடுத்த நாள், மணி, எஃப் எண் எல்லாவற்றையும் கோப்பிலேயே எழுதிவிடுகிறது. பெட்டரி மாற்றியபின் தேதியைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். பெயரை மட்டும் அது எழுதாது. கணினிக்கு மாற்றும் அன்றே கோப்புறைக்கு ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைக்க வேண்டும். பிரதி ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும் கொடுத்துவைக்க வேண்டும். 2016 மே 17 அன்று, வரக்காப்பொல இருக்கும் இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தபோது, வீடுகளோடு சேர்ந்து அங்கிருந்த அல்பங்களும் மண்ணுக்குள் போயின.