ஜன்னலும் கண்ணாடிதான்

இரவுப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. டிக்கெட் கிழிக்க நடத்துநர் உள்விளக்கைப் போடுகிறார். கண்ணாடியில் நம் முகம் தெரிகிறது. விளக்கை அணைத்ததும் முகம் போய், இருட்டு வயலும் தூரத்து வீட்டு வெளிச்சமும் தெரிகின்றன. கண்ணாடி அதேதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைப் பகலிலும் இரவிலும் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. பகலில் வெளியிலிருந்து வரும் வெள்ளம் போன்ற வெளிச்சத்தில் அந்தச் சிறு பங்கு அமுங்கிப்போகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் சிறுவர் நூல்களுக்கு இந்த உவமையைச் சொன்னார். ஒரு நூல் பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னலாகலாம். வெளிச்சம் வாகாக அமைந்தால் அதே ஜன்னல் படிப்பவரின் முகத்தையும் காட்டலாம். கறுப்பினக் குழந்தைகள் தங்களைப் போன்றவர்களை நூல்களில் காணமுடியாமல் வளர்வதைப் பற்றித்தான் அவர் முக்கியமாகக் கவலைப்பட்டார். தன்பாலீர்ப்பு கொண்ட பதின்பருவத்தினரின் நட்பையும் காதலையும் சொல்லும் இளையோர் நாவல்களுக்கும் இந்த உவமை கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த நாவல்களை இரண்டு விதமான பிள்ளைகள் எடுக்கிறார்கள். ஒருவருக்கு அது தன் முகம். மற்றவருக்கு அடுத்த வீட்டு ஜன்னல். இருவருக்கும் ஒரே நூல் எப்படி வேலை செய்கிறது?

இரண்டாமவரைப் பற்றி ஓர் அழகான ஆய்வு உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் காஃப்மன், லிசா லிபி இருவரும் செய்து 2012-இல் வெளியிட்டது. பெண்கள்மீது ஈர்ப்பு கொண்ட 70 கல்லூரி ஆண்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார்கள். ஒரு மாணவனின் ஒரு நாள் வாழ்க்கை, அதுதான் கதை. அதில் மூன்று வடிவங்கள். ஒன்றில், அவன் தன்பாலீர்ப்பு கொண்டவன் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்றில் கடைசியை நெருங்கும்போதுதான் தெரியும். மூன்றாவதில் அவனும் படிப்பவர்களைப் போலவே பெண்கள்மீது ஈர்ப்பு கொண்டவன்.

உண்மையைத் தாமதமாக அறிந்தவர்கள்தான், தொடக்கத்திலேயே அறிந்தவர்களைவிட, அந்த மாணவனோடு அதிகம் ஒன்றிப்போயிருந்தார்கள். தன்பாலீர்ப்பு கொண்டவர்களைப் பற்றிய அவர்களுடைய எண்ணமும் கூடுதல் இணக்கமாக இருந்தது. ‘இப்படிப்பட்டவர்கள் பெண்தன்மை மிக்கவர்கள், எளிதில் உணர்ச்சிவசப்படுபவர்கள்’ என்ற வழக்கமான முத்திரையையும் அவன்மீது குறைவாகவே குத்தினார்கள்.

நம் பழங்கதைகளில் சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்வார்கள். நல்ல கதையைப் படிக்கும்போது மனம் செய்வதும் அதைத்தான் என்கிறது இந்த ஆய்வு. கொஞ்ச நேரம் ‘நான்’ என்பதை மறந்து, பாத்திரத்தின் எண்ணங்களைத் தன் எண்ணங்களாக வைத்துக்கொள்கிறது. ‘இவன் வேறு ஆள்’ என்ற பலகையை வாசலிலேயே பார்த்தவர் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார். ஏற்கெனவே உள்ளே குடிபோனவருக்கு அந்தப் பலகை பெரிய விஷயமில்லை. இதே ஆய்வாளர்கள் செய்த இன்னொரு சோதனை இதைவிட வியப்பானது. முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த சிறு தடுப்பறையில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னபோது, பெரும்பாலானவர்களால் கூடு பாயவே முடியவில்லை. தன் முகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், பிறர் முகத்துக்குள் நுழைய வழியில்லை.

பேருந்து விளக்குதான் மறுபடியும்! உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே தெரியாது.

ஆனால் தாமதமாகச் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது; அதைக் கொடுப்பவர் முதலாமவர். தன் முகத்தைத் தேடி வந்த பிள்ளையைக் கடைசிப் பக்கம்வரை காக்கவைப்பது, வாழ்க்கையில் மறைத்ததைக் கதையிலும் மறைக்கச் சொல்வது போலாகிவிடும். 1969-இல் ஜான் டொனோவன் எழுதிய ‘ஐல் கெட் தேர். இட் பெட்டர் பீ வொர்த் த ட்ரிப்’, இத்தகைய ஈர்ப்பைப் பேசிய முதல் இளையோர் நாவலாகக் கருதப்படுகிறது. பாட்டியை இழந்த 13 வயதுப் பையன், அவனுடைய நாய், நியூயார்க்கில் குடிக்கு அடிமையான அம்மா என்று கதை வெகுதூரம் போன பிறகே, தோழன் ஒருவனோடு அவனுக்குள்ள நட்பின் இன்னொரு நிறம் தெரிகிறது. அதற்குள் நாம் அவனாகிவிட்டிருப்போம். ஆனால் நாய் அடிபட்டுச் சாகும்போது, அது தனக்குக் கிடைத்த தண்டனை என்று அவன் நம்புகிறான். முகத்தைத் தேடி வந்தவனுக்கு அந்தக் கண்ணாடி தந்தது அது.

2003-இல் வந்த டேவிட் லெவிதனின் ‘பாய் மீட்ஸ் பாய்’ இதற்கு நேர் எதிர். அதன் நாயகனுக்கு மறைப்பதற்கு எதுவுமில்லை. பாலர் வகுப்பிலேயே எல்லோருக்கும் தெரியும். தாமதம் என்ற தந்திரம் இல்லாமல், அவன் காதலில் சொதப்புவதையே நம்பிக் கதை நகர்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை, கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை கண்டார். 2005-இல் வெளியான அவருடைய ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ’ 1980-ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. 14 வயது அம்ரித்தின் பள்ளியில் ஒத்தெல்லோ நாடக ஒத்திகை. கனடாவிலிருந்து வரும் உறவுக்காரப் பையன் மற்றவர்களோடு நெருங்கும்போது அம்ரித்தின் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில்தான் தன் மனதை அவன் அடையாளம் காண்கிறான். உயிர்த்தோழன் வேறொருவரோடு சிரித்துப் பேசும்போது வரும் வலி எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? விளக்கை அந்தப் பொறாமைமேல் வைத்ததால் ஒரே கண்ணாடி இரு வாசகருக்கும் வேலை செய்கிறது.

ஆய்வுகளை ஓரளவுக்குத்தான் நம்பலாம். அந்த மாணவனின் கதையைப் படித்தவர்கள் 70 பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் கல்லூரி மாணவர்கள். இலக்கியக் கதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்று சொல்லி 2013-இல் புகழ்பெற்ற இன்னோர் ஆய்வை மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. கதை ஒரு மாத்திரை அல்ல, இத்தனை மில்லிகிராமுக்கு இத்தனை பரிவு என்று எழுதித் தர.

ஆனால் கட்டுரை தராத ஒன்றைக் கதை தருகிறது. நான்சி கார்டன் 1982-இல் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’ நாவலில், லைசா என்ற பெண் இன்னொரு பெண்ணை நேசிக்கத் தொடங்கியதும், அப்பாவின் கலைக்களஞ்சியத்தை எடுத்துத் தன்பாலீர்ப்பு பற்றிய கட்டுரையைப் படிக்கிறாள். அவ்வளவு நீண்ட கட்டுரையில் ‘காதல்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனிக்கிறாள். 1993-இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் அந்த நாவலின் பிரதி ஒன்றைத் தீயிட்டு எரித்தார்கள். அருகிலுள்ள ஓலேத்தாவில், பள்ளி நூலகங்களிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1995-இல் நூலை அலமாரியில் திரும்ப வைக்கும்படி தீர்ப்பு வந்தது. அதை எடுத்துச் செல்லும் பிள்ளைகளில் யாருக்கு அது ஜன்னல், யாருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி என்று நூலகத்தில் யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. நூலை எடுத்துச் சென்ற தேதியும் திருப்பித் தந்த தேதியும் மட்டுமே பதிவாகின்றன.