பாட்டியிடம் பாட்டு, பாரிஸில் கணக்கு: சி.எஸ். சேஷாத்ரி படித்த விதம்

தி. நகர் ஜி.என். செட்டி சாலை என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாணி மகால். 2005 வரை அதே சாலையில் உலகம் மதிக்கும் ஒரு கணித ஆராய்ச்சி நிலையமும் இயங்கியது. அந்தப் பக்கம் தினமும் போய்வந்தவர்களில் பலருக்கே இது தெரிந்திருக்காது. இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்தான் அது. சுருக்கமாக சி.எம்.ஐ. அதைத் தொடங்கியவர் சி.எஸ். சேஷாத்ரி (1932–2020). 1988ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், 2009ல் பத்ம பூஷண். கர்நாடக சங்கீதத்திலும் நல்ல தேர்ச்சி உள்ளவர்.

இப்படி ஒருவரைப் பற்றிச் சொன்னால் உடனே யாராவது, "பார்த்தீங்களா, பாட்டு கத்துக்கிட்டா கணக்கு தானா வரும்" என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பாட்டு கற்றும் கணக்கு வராதவர்கள் மயிலாப்பூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கணக்கில் மேதையாக இருந்து சுருதி சேராதவர்களும் உண்டு. இசைக்கும் அறிவியலுக்கும் உறவு இருக்கிறது, ஆனால் அது ஒரே வகை உறவு இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் சேஷாத்ரியின் கதையில் என்ன விசேஷம் என்று புரியும்.

முதல் வகையில் இசையே ஆராய்ச்சிப் பொருள். சி.வி. ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தது இதற்கு நல்ல உதாரணம். சாதாரணமாக இழுத்துக் கட்டிய ஒரு வட்டத் தோலைத் தட்டினால் அதிலிருந்து வரும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் இருக்கும். முழு எண் விகிதம் இல்லாததால் அது காதுக்கு ஒரு ஸ்வரமாகக் கேட்காது, 'டமார்' என்றுதான் கேட்கும். ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையைச் சுருதி சேர்க்கிறோமே, எப்படி? நடுவில் இருக்கும் கறுப்புச் சோறுதான் காரணம். அந்தக் கூடுதல் எடை அதிர்வுகளை முழு எண் விகிதத்துக்கு அருகில் கொண்டுவந்துவிடுகிறது. இதை ராமன் 1920ல் ஒரு சிறு கட்டுரையாகவும் 1934ல் விரிவாகவும் எழுதினார். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும்.

இரண்டாவது வகை, எண்ணிக்கை. எட்டு மாத்திரையை ஒன்றும் இரண்டுமாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று கேட்டால் விடை 34. ஏழு மாத்திரைக்கு 21, ஆறுக்கு 13. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். ஃபிபொனாச்சி எண்கள் என்று பள்ளியில் படிப்பது இதைத்தான். ஃபிபொனாச்சிக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், யாப்பை ஆராய்ந்த ஹேமச்சந்திரர் இந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார்.

சேஷாத்ரி இந்த இரண்டிலும் அடங்கமாட்டார். அவர் தாளத்தைப் பற்றியோ ஒலியைப் பற்றியோ ஆராய்ச்சி செய்து பெயர் வாங்கியவர் இல்லை. அவருடைய துறை இயற்கணித வடிவியல். அதில் பாட்டுக்கு நேரடியாக எந்த வேலையும் கிடையாது. பிறகு உறவு எங்கே? அவர் இரண்டையும் கற்ற விதத்தில் என்பது என் வாசிப்பு.

பிறந்தது காஞ்சிபுரம், வளர்ந்தது செங்கல்பட்டு. பாட்டு முதலில் வந்தது பாட்டியிடமிருந்து. அந்தப் பாட்டி, லயத்தில் சிங்கம் என்று பெயர் பெற்ற காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் கற்றவர். அந்தத் தலைமுறையில் குடும்பப் பெண்கள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் மேடை ஏறுவது அரிது. வித்தை வீட்டுக்குள்ளேயே இருந்து, பேரன் பேத்திகளுக்குப் போய்ச் சேரும்.

பாட்டு எப்படிக் கற்றுத் தரப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஒரு வரிசை உண்டு. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் பாடகரானதில்லை. ஒரு சின்ன உதாரணம்: தோடியில் வருவது சாதாரண காந்தாரம். கரகரப்பிரியாவில் வருவதும் அதே சாதாரண காந்தாரம்தான். ஸ்வரப்படுத்திய புத்தகத்தில் இரண்டுக்கும் 'க' என்ற ஒரே எழுத்து. பாடினால் இரண்டும் வேறு வேறு. தோடி காந்தாரத்தின் அசைவு தனி ரகம், அதை யாராவது எதிரே உட்கார்ந்து பாடிக் காட்ட வேண்டும். நீங்கள் திருப்பிப் பாட, அவர் "ஊஹூம்" என்று தலையை ஆட்ட, மறுபடி பாட வேண்டும். காகிதத்தில் இருப்பது எலும்புக்கூடு. மற்றது ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது. இதைத்தான் பாடாந்தரம் என்கிறோம்.

கணிதம் அப்படி இல்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அச்சிட்ட நிரூபணத்தில் எல்லாமே இருக்கும், புத்தகமும் பொறுமையும் இருந்தால் போதும் என்று. நிரூபணம் சரியா தவறா என்று பார்க்க அது போதும். ஆனால் அந்த மூன்றாவது வரியில் ஏன் அப்படி ஒரு திருப்பம், எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது, எந்த வழி முட்டுச்சந்து என்பதையெல்லாம் அச்சில் யாரும் எழுதுவதில்லை. என் வேலையான மென்பொருளிலும் இதே கதைதான். கோடு முழுதும் கண்முன்னே இருக்கும், ஏன் அப்படி எழுதினார்கள் என்பது மட்டும் அதை எழுதினவரோடு போயிருக்கும்.

சேஷாத்ரிக்குக் கணிதத்திலும் எதிரே உட்கார்ந்து காட்டுகிறவர்கள் கிடைத்தார்கள். நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஜெசூயிட் பாதிரியார் கணிதம் கற்பித்தார். பாரிஸில் எலீ கார்தானிடம் முனைவர் பட்டம் முடித்துவிட்டு 1930களில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். அன்றைய பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் பாணிக் கணக்குகளால் நிறைந்திருந்தது. ரசீன், கெட்டிக்கார மாணவர்களைத் தனியாகப் புதிய புத்தகங்களைப் படிக்க வைத்து, மேற்படிப்புக்கு பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். எம்.எஸ். நரசிம்மன், சி.பி. ராமானுஜம், சேஷாத்ரி மூவரும் அப்படிப் போனவர்கள்.

டாடா நிலையத்தில் கணிதப் பிரிவை வளர்த்த கே. சந்திரசேகரன் ஒரு நல்ல பழக்கத்தை ஏற்படுத்தினார். வெளிநாட்டிலிருந்து பெரிய கணிதவியலர்களை வரவழைத்து வாரக்கணக்கில் பாடம் எடுக்கச் சொல்வார். மாணவர்கள் அதைக் கேட்டுக் குறிப்பாக எழுதிப் புத்தகமாக்க வேண்டும். குரு பாடியதைச் சிஷ்யன் திருப்பிப் பாடுகிற மாதிரிதான். கேட்டது புரியாமல் எழுத முடியாது, எழுதும்போதுதான் புரியாத இடம் தெரியும்.

1957ல் சேஷாத்ரியும் நரசிம்மனும் பாரிஸ் போனார்கள். மூன்று வருடம். இயற்கணித வடிவியலை குரோதண்டிக் அடியிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பெருநூலின் முதல் பகுதி அச்சில் வந்ததே 1960ல்தான். அதற்கு முன் அது இருந்த இடம் செமினார் அறைகளும் கரும்பலகைகளும்தான். செர், ஷெவாலே, குரோதண்டிக் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அறைகளில் போய் உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும். காதால் கற்றுப் பழகிய ஒருவருக்கு அந்த ஏற்பாடு அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

1958ல், 26 வயதில், 1955ல் செர் எழுப்பியிருந்த ஒரு கேள்விக்கு இரண்டு மாறிகள் உள்ள நிலையில் சேஷாத்ரி விடை சொன்னார். எத்தனை மாறிகள் இருந்தாலும் பொருந்தும் முழு விடை, குவில்லன், சுஸ்லின் இருவராலும் தனித்தனியாக 1976ல்தான் வந்தது.

பெரிய வேலை, ஊர் திரும்பிய பிறகு நரசிம்மனோடு சேர்ந்து செய்து 1965ல் வெளியான நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம். மெதுவடையை வைத்து அதைக் கொஞ்சம் சொல்லிப் பார்க்கலாம். நம் வடைக்கு ஒரு ஓட்டை, இங்கே வேண்டியது இரண்டோ அதற்கு மேலோ ஓட்டை உள்ள வடை. அதன் மேல் ஒரு எறும்பு, கையில் ஒரு அம்புக்குறியைப் பிடித்தபடி ஊர்கிறது. ஒரு ஓட்டையைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்தால், அம்பு பழைய திசையில் இல்லாமல் திரும்பியிருக்கலாம். எந்தச் சுற்றுக்கு எவ்வளவு திரும்பும் என்ற பட்டியல்தான் ஒரு பக்கம். மறுபக்கத்தில், வடையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு வெளியை நட்டு, அவை எல்லாம் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக மாறும்படி அமைத்த கட்டுமானங்கள். இவற்றில் 'நிலையானவை' என்று ஒரு வகையை 1962ல் மம்ஃபோர்ட் அடையாளம் காட்டியிருந்தார். உள்ளே இருக்கும் எந்தத் துண்டும் முழுமையை மிஞ்சாமல் இருப்பவை என்று தோராயமாகச் சொல்லலாம். மேலும் பிரிக்க முடியாத ஒவ்வொரு சுழற்சிப் பட்டியலுக்கும் ஒரு நிலையான கட்டுமானம், ஒவ்வொரு நிலையான கட்டுமானத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் என்று (முறுக்கு இல்லாத, அதாவது 'டிகிரி' பூஜ்யமான நிலையில்) இருவரும் நிரூபித்தார்கள். ஒரு பக்கம் சுற்றிவருவது, மறுபக்கம் சமன்பாடு, இரண்டும் ஒன்றுதான். 1983ல் டொனால்ட்சன் இதற்கு முற்றிலும் வேறு வழியில் இன்னொரு நிரூபணம் கொடுத்தார். இயற்பியலோடு ஒட்டிய கணிதத்தில் இன்றும் அடிக்கடி வரும் பெயர் இது.

குருவின் எதிரே உட்கார்ந்து கற்பதைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. எதிரே உட்கார முதலில் உள்ளே விட வேண்டும். யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது, யார் மேடை ஏறலாம் என்பதைப் பெண்ணா ஆணா என்பது தீர்மானித்தது. சங்கீதம் தெரிந்த பாட்டியும், பாரிஸ் தெரிந்த பாதிரியாரும் கிடைப்பது எத்தனை பேருக்கு நடக்கும்?

சேஷாத்ரி பிற்காலத்தில் செய்த வேலையை நான் இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். 1984ல் பம்பாயை விட்டுத் தரமணி கணித அறிவியல் நிலையத்துக்கு வந்தார். 1989ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஜி.என். செட்டி சாலையில் கணிதப் பள்ளி தொடங்கியது. 1998ல் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு பி.எஸ்ஸி. ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களே 18 வயதுப் பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலிருந்து வகுப்பெடுப்பது இந்தியாவில் அப்போது அபூர்வம். பெரும்பாலான இடங்களில் ஆராய்ச்சி ஒரு கட்டடத்தில், இளங்கலை வேறொரு கட்டடத்தில். இங்கே உள்ளே வர ஒரு நுழைவுத் தேர்வு, அதில் உறவும் ஊரும் பார்ப்பதில்லை. பாரிஸின் எக்கோல் நோர்மால் சுப்பீரியரோடு மாணவர் பரிமாற்றமும் வந்தது. அருகில் உட்கார்ந்து கற்பதை வைத்துக்கொண்டு, வாசலை மட்டும் அகலமாக்கிய ஏற்பாடு இது. நுழைவுத் தேர்வு எல்லாக் கதவையும் திறந்துவிடாது என்பதும் உண்மைதான். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே திறக்கும். ஆனால் பாட்டியின் கூடத்தைவிட அது பெரிய கதவு.

அடையாறிலும் மயிலாப்பூரிலும் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது பாட்டு கிளாஸ். கோச்சிங்குக்கு நேரம் வேண்டும் என்பது காரணம். பாட்டை ஒரு உபரியாக, அல்லது மூளைக்கு டானிக்காக நினைத்திருந்தால் இதில் தப்பே இல்லை. டானிக்கை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் பல பிள்ளைகளுக்கு, விடை சரியா என்பதைத் தாண்டி "இன்னொரு தரம் பாடு, அந்த இடம் இன்னும் வரலை" என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரே மணி நேரம் வாரத்தில் அதுதான். கோச்சிங் வகுப்பில் இருநூறு பேருக்கு நடுவே அது கிடைக்காது. பாட்டை நிறுத்துகிறவர்கள் நிறுத்தட்டும். அந்த மணி நேரத்தைக் கணக்கிலோ, இயற்பியலிலோ, தச்சு வேலையிலோ வேறு யார் கொடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் ஒரு முறை யோசித்துவிட்டு நிறுத்தலாம்.