பழைய மாருதியும் அதன் புகையும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நம் உறுப்பினர் ஒருவர் தம்முடைய பழைய மாருதி 800 காரை ஸ்டார்ட் செய்தார். சாம்பிராணி போட்டதுபோல் நீலப் புகை கிளம்பி வாசல் முழுவதும் பரவியது. பக்கத்தில் நின்ற நண்பர், "வண்டிக்கு வயசாயிட்டுது, அவ்வளவுதான்" என்றார். வயதாகிவிட்டது உண்மைதான். ஆனால் "அவ்வளவுதான்" என்று சொல்லி விட்டுவிடுகிற விஷயம் அல்ல அது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மண்டியில் உட்கார்ந்தவன். பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம். 1997 மாடல் மாருதி 800 ஒன்றை 2004-ல் கைமாற்றாக வாங்கி, விருதுநகரிலிருந்து சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம், தென்காசி என்று வாரந்தோறும் வசூலுக்கு ஓட்டினேன். பட்டு அறிந்ததையும், பழகிய மெக்கானிக் தம்பி சொல்லிக் கொடுத்ததையும் வைத்து எழுதுகிறேன்.

1983 டிசம்பரில் வெளிவந்த இந்தக் கார் 2014 ஜனவரியில்தான் உற்பத்தி நின்றது. உற்பத்தி நின்றாலும் ஓட்டம் நிற்கவில்லை. நம் கடைவீதிகளில் இன்றும் பல நிற்கின்றன. மூட்டை வண்டியும் சைக்கிளும் நெருக்கும் சந்தில் நுழைந்து வர இதைவிட வசதியான கார் கிடையாது. எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் கை வைப்பார்கள். என்ஜின் 796 சி.சி., மூன்றே சிலிண்டர். அதன் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இந்த அலுமினியம்தான் எனக்கு முதல் பாடம் நடத்தியது.

2009 கோடையில் சாத்தூரிலிருந்து திரும்பும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்பு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் குடத்துத் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு, "ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினேன். இப்படி மூன்று முறை நிறுத்தி நிறுத்தி ஊற்றியபடி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் கலந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. சூட்டில் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன. ஐநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பதினோராயிரம் கொடுத்தேன். இதில் வண்டியைக் குறை சொல்ல எதுவுமில்லை. முழுக்க என் தப்பு.

அதற்குப் பிறகு முள் பாதிக்கு மேல் ஏறினாலே ஓரம் கட்டிவிடுவேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதில்லை. கொதிநீர் முகத்தில் அடிக்கும். நம் பக்கத்து போர்த் தண்ணீரின் உப்பு பாத்திரத்தில் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படிந்து வழியை அடைக்கும். கூலண்ட் ஊற்றுவது வீண் செலவு அல்ல. இன்னொன்று, நெடுஞ்சாலையில் சூடாகாத வண்டி கடைவீதி நெரிசலில் மட்டும் சூடானால் மின்விசிறியைச் சந்தேகப்படுங்கள். வண்டியை நிறுத்தி என்ஜினை ஓட விட்டுப் பார்த்தால், முள் பாதியைத் தாண்டும் நேரத்தில் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றாவிட்டால் மோட்டாரிலோ, ஒயரிலோ, அதை இயக்கும் சுவிட்சிலோ கோளாறு.

இனி புகை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சற்று நேரம் வரும் மெல்லிய வெள்ளாவிக்குப் பயப்பட வேண்டாம். அது நீராவி, என்ஜின் சூடானதும் நின்றுவிடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் என் 2009 கதைதான். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று பொருள். கார்புரேட்டர் வண்டிகளில் சோக் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்தாலும் இப்படித்தான். நம்மைப் போன்றவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மண்டி வாசலில், மாவு மில் பக்கத்தில், சாக்கு உதறும் இடத்தில் நாள் முழுக்க வண்டியை நிறுத்தி, அங்கேயே ஸ்டார்ட் செய்து எடுக்கிறோம். என் வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது வத்தல் நெடி ஏறி மெக்கானிக் தம்பிக்குத் தும்மல் நிற்கவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு வீட்டு வண்டிக்கானது. மண்டி வண்டிக்கு அதில் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும் என்பது என் அனுபவம்.

சங்க வாசலில் கண்ட நீலப் புகை ஆயில் எரிகிற புகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து பிறகு அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப் போயிருக்கும், செலவு தாங்கக்கூடியது. ஓடும்போதும், ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அது பெரிய வேலை. இரண்டில் எது என்று தெரியாமலே "என்ஜின் இறக்கணும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்த நேரத்தில் புகை வருகிறது என்பதை நீங்களே ஒரு வாரம் கவனித்துக்கொண்டு போனால் பேரம் சரியாக இருக்கும். அதுவரை வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்த என்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துவிடும்.

வண்டி நிற்கும்போது உதறினால், மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். முக்காலியில் ஒரு கால் போனால் எப்படியோ அப்படித்தான். பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றில் ஒன்றாக இருக்கும். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் இறங்கினாலே போதும். டைமிங் பெல்ட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: ரப்பர் பெல்ட், அறுந்தால் என்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும், கைமாற்றாக வாங்கியவர்கள் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பணக் கஷ்டம். இனிச் சொல்லப்போவது வேறு.

2011 கார்த்திகை மாதம். தென்காசி வசூலை முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு கடையில் பழைய பிளாட்பாரத் தராசு ஒன்றை விலை பேசி ஏற்றினோம். அதன் தூண் உயரம் டிக்கிக்குள் அடங்கவில்லை. பின் கதவைப் பாதி திறந்தபடி விட்டுக் கயிற்றால் கட்டினோம். நாம் எல்லோரும் செய்வதுதான். நல்ல மழை. முன் கண்ணாடிகள் இரண்டையும் முழுக்க ஏற்றிவிட்டேன். என் பக்கத்தில் கணக்குப்பிள்ளை. பின்னால் தராசை ஒட்டிக் கடைப் பையன். பத்தொன்பது வயது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள், "அண்ணாச்சி, தலை வலிக்கு" என்றான். வரும் வழியில் சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். வண்டியை நிறுத்தினேன், இறங்கி வாந்தி எடுத்தான். டீக்கடைத் தாழ்வாரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டான். மறுபடி ஏறிப் புறப்பட்டோம். சிவகாசியைத் தாண்டியபோது கணக்குப்பிள்ளை ஏதோ கேட்கத் திரும்பினார். பையனிடமிருந்து பதில் இல்லை. தூங்குகிறான் என்றேன் நான். அவர் கையை நீட்டி உலுக்கினார், தலை தொங்கியது. எனக்கும் நெற்றிப் பொட்டு தெறித்துக்கொண்டுதான் இருந்தது. மழையில் ஓட்டுகிற களைப்பு என்று நினைத்திருந்தேன்.

கதவுகளைத் திறந்து இருவருமாக அவனை வெளியே தூக்கிப் போட்டோம். மழை முகத்தில் அடித்ததும் கொஞ்சம் முனகினான். வந்த லாரி ஒன்றை நிறுத்தி, அதில் அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். விடியற்காலையில் கண் விழித்து, "தராசு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது. அவன் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வதென்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். மெக்கானிக் தம்பி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என்ஜினிலிருந்து வரும் முன் பைப்பின் இணைப்பில் கேஸ்கெட் எரிந்துபோய்ச் சந்து விட்டிருந்தது. சைலன்சரின் மேல் பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை. அதற்கு நேர் மேலே பின் சீட்டுக்கு அடியில் தரைத் தகடும் அரித்திருந்தது. "ரெண்டு மாசமா சத்தம் போட்டிருக்குமே அண்ணாச்சி?" என்றார். போட்டது. சத்தம்தானே, தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

கயிறு கட்டிய டிக்கியைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் கோபப்பட்டார். "முன் கண்ணாடி மூடி, பின் கதவு திறந்து ஓட்டுனா வண்டியே புகையை உறிஞ்சும் அண்ணாச்சி!" ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்புகிறது. சைலன்சர் வாயிலிருந்து வரும் புகை அந்தச் சுழலில் சிக்கித் திறந்த டிக்கி வழியாக உள்ளே வருகிறது. முன்னால் காற்று நுழைய வழியில்லாவிட்டால் இன்னும் மோசம். சைலன்சர் புதியதாக இருந்தாலும் இது நடக்கும்.

இந்தப் புகையில் உள்ள விஷம் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தம் ஆக்ஸிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரிசையாக வரும். தூங்கிவிட்டவன் தானாக எழுந்து கதவைத் திறக்க மாட்டான்.

சைலன்சர் ஏன் உள்ளிருந்தே அரிக்கிறது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி ஆவியாக வெளியேறுகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அது முழுவதும் போய்விடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பேங்க்குக்கு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். ஆக, குறைவாக ஓடும் நம் வண்டிகளின் சைலன்சர்தான் சீக்கிரம் போகும். "என் வண்டி ஓடவே இல்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஸ்பீடு பிரேக்கரில் அடிவாங்கித் தொங்கும் ரப்பர் அறுந்தால் கட்டுக்கம்பி போட்டுக் கட்டுகிறோம். ரப்பர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், கம்பி கொடுக்காது. அந்த இழுப்பில் முன் இணைப்பு விட்டுப்போகும். என் வண்டியிலும் கம்பிதான் கட்டியிருந்தது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்துவிடுகிறேன். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் "டப் டப்" என்று சத்தம் கேட்டுச் சூடானதும் மறைந்தால், மேனிபோல்டில் கேஸ்கெட் விட்டிருக்கலாம். மறைந்துவிட்டதே என்று விடக் கூடாது. டிக்கியைச் சுற்றி உள்ள ரப்பர் பீடிங் கிழிந்தால் அன்றே மாற்றுகிறேன். உள்ளே அடங்காத சரக்கு என்றால் ஆட்டோவுக்கு வாடகை கொடுத்து அனுப்பிவிடுவேன்.

புகைச் சோதனைச் சான்றிதழை நம்மில் பலர் போலீசுக்குக் காட்டும் காகிதமாக மட்டும் பார்க்கிறோம். வண்டியைக் கொண்டுபோகாமலே வாங்குகிறவர்களும் உண்டு. 2004 அக்டோபரில் வந்த விதிப்படி பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்திய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு அளவு 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு 0.5 விழுக்காடு. பையனை மயக்கிய அதே விஷத்தின் அளவுதான் அந்தச் சீட்டில் அச்சாகி வருகிறது. குழாயை வைத்து அளக்கச் சொல்லி, சென்ற முறை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் கார்புரேட்டரோ ஃபில்டரோ கவனிக்கக் கேட்கிறது.

கடைசியாக ஒன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் வந்துவிட்டது. நம் பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்ப்பின் உள் ரப்பரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இறுகி வெடிக்கும், அல்லது ஊறிப்போகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் மாதக் கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேரலாம். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். பெட்ரோல் ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். காலையில் பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது சிவகாசியில் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். சரக்கு எங்களிடம்தான் எடுக்கிறான். ராஜபாளையத்துத் தராசு அவன் கடையில்தான் இருக்கிறது.