பேச்சு சிகிச்சையாளரின் அடையாளமும் மதிப்பீடும்
பேச்சு சிகிச்சையாளர் எதைப் பிழையாகக் கருதுகிறார் என்பதில் அவருடைய இனம், வகுப்பு, வளர்ந்த சூழல், பேசும் வழக்கு ஆகியவற்றுக்குப் பங்குண்டு.

அமெரிக்காவில் பேச்சு சிகிச்சையாளர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையினப் பெண்கள். அவர்களிடம் வரும் கறுப்பினக் குழந்தைகளில் பலர் ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலம் பேசுகின்றனர். அவ்வழக்கில் 'பாத்' என்னும் சொல் 'பாஃப்' என்றும், 'டெஸ்ட்' என்பது இறுதி ஒலி மறைந்து 'டெஸ்' என்றும் ஒலிக்கலாம். இவை அவ்வழக்கின் ஒழுங்குகள். பொது ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர் இவற்றைக் குறைபாடாக எண்ணினால், கோளாறு இல்லாத குழந்தைக்குச் சிகிச்சை தொடங்கிவிடும். அனைத்தையும் வழக்கு என்று ஒதுக்கினால், உண்மையான கோளாறு கவனிக்கப்படாமல் போகும்.

ஆங்கிலத்தின் எந்தச் சமூக வழக்கும் கோளாறு அன்று என அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிப்புலச் சங்கம் 1983இல் அறிவித்தது. எனவே குழந்தையின் பேச்சைத் தம் பேச்சோடு ஒப்பிடாமல், அதன் வீட்டாரின் பேச்சோடு ஒப்பிடுவதே முறையாகும்.

தமிழுக்கும் இது பொருந்தும். தென்மாவட்டங்களில் பலர் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்கின்றனர். அங்கிருந்து வரும் குழந்தைக்கு ழகரம் வரவில்லை என்று குறிப்பதற்கு முன், பெற்றோர் அதை எப்படி ஒலிக்கின்றனர் என்று கேட்டறிய வேண்டும்.